இடுப்புக்கு ஐஸ் வைக்கலாமா?

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டே பக்கம்தான். ஆனால் அதைப் படித்து முடித்ததும், என்னையறியாமல் முதுகை ஒரு தடவை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டேன்.

அவர் வீட்டில் பட்டுத் தறி ஓடுகிறது. கணவர் நெய்கிறார், இவர் தார் சுற்றித் தருகிறார். தார் என்றால் என்ன என்று பட்டணத்து வாசகிகள் சிலர் கேட்கக்கூடும். தறியில் இப்படியும் அப்படியும் ஓடுகிறதே நாடா, அதன் வயிற்றுக்குள் இருக்கும் சின்ன நூல் சுருள்தான் தார். ராட்டையின் முன் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையால் இழையைப் பிடித்து அதைச் சுற்றவேண்டும். மணிக்கணக்கில் சுற்றவேண்டும். தார் தீர்ந்தால் நாடா நிற்கும். நாடா நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் வீட்டில் மற்ற எல்லாம் நிற்கும்.

"இரண்டு வருஷமாக இடுப்பு வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிவதில்லை. எழுந்தால் நிமிர முடிவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண், 'ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள் அக்கா' என்கிறாள். என் மாமியாரோ, 'ஐஸா! ஏற்கெனவே வாயுப் பிடிப்பு. குளிர்ச்சி பட்டால் இடுப்பு அப்படியே பிடித்துக்கொள்ளும். வெந்நீர் ஒத்தடம் கொடு, சுக்கு அரைத்துப் பற்றுப் போடு' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? நான் படுத்துவிட்டால் தறி நின்றுவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பதில் எழுதுங்கள்."

கடைசி வரியை நான் நினைவில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சகோதரி, ஐஸ் வைக்கலாம். உங்கள் மாமியார் சொல்வதிலும் தப்பில்லை. ஆனால் இந்த இரண்டையும்விட முக்கியமான மூன்றாவது விஷயம் ஒன்று உண்டு. அதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணும் சொல்லவில்லை; மாமியாரும் சொல்லவில்லை. வரிசையாக வருவோம்.

"எங்கள் வீட்டில் தறியும் இல்லை, ராட்டையும் இல்லை, எங்களுக்கு எதற்கு இது?" என்று மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 62 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஆபீஸ் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காருகிறவர்களும், சமையல் மேடை முன் குனிந்து நிற்கிறவர்களும், குழந்தையை எப்போதும் ஒரே இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்கிறவர்களும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான்.

இருந்தாலும் நெசவாளர் வீட்டு முதுகுக்குத் தனிச் சோதனை உண்டு. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதியில் குழித்தறியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்கவேண்டும். முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. கண் இழையில் இருக்கும். உடம்பு முன்னால் வளைந்திருக்கும். கோர்வைச் சேலையானால் இன்னும் வேலை அதிகம். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் கோத்துக்கொண்டே போகவேண்டும். அதற்கு இன்னொரு ஆள் கூட உட்காரவேண்டும். கல்யாணத்துக்கு நாம் ஆசையாக எடுக்கிற அந்தச் சேலையின் கரை கிழியாமல் இருக்கிறதே, அந்த உறுதிக்கு இரண்டு பேருடைய முதுகு வேலை செய்திருக்கிறது.

இனி ஐஸுக்கு வருவோம்.

ஒரு காலத்தில் ஐஸ் நமக்குக் கப்பலில் வந்த பண்டம். அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பாளம் பாளமாக வெட்டி, மரத்தூளில் பொதிந்து, பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ஏற்றி அனுப்பினார்கள். கல்கத்தாவுக்கு 1833-ல் முதல் கப்பல் வந்தது. சென்னையில் அதைச் சேமித்து வைக்க 1842-ல் கட்டிய கட்டடம்தான் கடற்கரையிலுள்ள 'ஐஸ் ஹவுஸ்'. சுவாமி விவேகானந்தர் 1897-ல் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். அவ்வளவு தூரம் கடல் கடந்து வந்த சரக்கு, இப்போது நம் குளிர்சாதனப் பெட்டியில் தட்டு நிறைய உட்கார்ந்திருக்கிறது. செலவில்லாத மருந்து என்றால் இதுதான்.

குளிர்ச்சி பட்டதும் என்ன நடக்கிறது? முதலில் தோலடியிலுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. வலிச் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புகளின் வேகம் குறைகிறது. இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் தசை சற்றே பிடியை விடுகிறது. அதனால்தான் கொஞ்ச நேரம் வலி அடங்கினாற்போல் இருக்கிறது. ஆனால் ஒன்று: முதுகெலும்பின் மூட்டுகளும் அவற்றுக்கு இடையிலுள்ள வட்டுகளும் வெகு ஆழத்தில் இருக்கின்றன. மேலே வைத்த ஐஸ் அவ்வளவு தூரம் போய்ச் சேராது. ஆகவே தேய்ந்ததை வளர்க்கவோ, நகர்ந்ததைத் திருப்பி வைக்கவோ ஐஸால் முடியாது. அது வலியைத் தாலாட்டித் தூங்கச் செய்யும், அவ்வளவே.

தாலாட்டுவதற்கும் முறை இருக்கிறது. ஐஸ் கட்டிகளைத் தட்டி உடைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கொஞ்சம் தண்ணீரும் ஊற்றி வாயைக் கட்டுங்கள். தண்ணீர் சேர்ந்தால் பை உடம்போடு ஒட்டி வளையும், முனைகள் குத்தாது. உறைந்த பச்சைப் பட்டாணிப் பாக்கெட்டும் இதற்கு நன்றாகவே உதவும். பையை நேராகத் தோலில் வைக்கவே கூடாது. மெல்லிய துண்டை நனைத்துப் பிழிந்து, அதில் சுற்றி வையுங்கள். வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக் குப்புறப் படுத்துக்கொள்ளலாம். அது சிரமமானால் ஒருக்களித்துப் படுக்கலாம். பை எலும்பின்மேல் அல்ல, எலும்புக்கு இருபுறமும் உள்ள சதையின்மேல் இருக்கவேண்டும்.

முதலில் சில்லென்று இருக்கும். பிறகு சுறுசுறுவென்று எரியும். பிறகு ஒரு மாதிரியாக உளையும். கடைசியில் மரத்துப்போகும். மரத்துப்போனதும் எடுத்துவிடுங்கள். 10 நிமிஷம் முதல் 15 நிமிஷம் போதும்; 20 நிமிஷத்தைத் தாண்டவேண்டாம். நடுவில் ஒரு தடவை துண்டை விலக்கித் தோலைப் பாருங்கள். வெளுத்துத் திட்டுத் திட்டாகவோ, கொப்புளமாகவோ தெரிந்தால் அந்த நிமிஷமே நிறுத்திவிடவேண்டும். மறுபடி வைக்க இரண்டு மணி நேரமாவது போகட்டும். "சுகமாக இருக்கிறதே" என்று ஐஸ் பையின்மேல் படுத்துத் தூங்கிவிடுவது மிகவும் ஆபத்து. நெருப்பு சுடுவதுபோல் குளிரும் தோலைச் சுட்டுவிடும்.

இன்னொரு சுலபமான முறை. காகித டம்ளரில் தண்ணீர் ஊற்றி உறைய வையுங்கள். விளிம்புக் காகிதத்தை மட்டும் கிழித்துவிட்டு, அடிப்பகுதியைக் கையில் பிடித்துக்கொண்டு, வலிக்கிற இடத்தில் வட்டமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். ஐஸ் ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். ஐந்து நிமிஷத்திலேயே இடம் மரத்துவிடும். இதற்கு ஒரு உதவிக் கை தேவை. மாமியாரின் கையாக இருந்தால், வழக்கும் பாதி தீர்ந்தது!

எல்லோருக்கும் ஐஸ் ஆகாது. சர்க்கரை வியாதியால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள், ரத்த ஓட்டம் சரியில்லாதவர்கள், குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து நீலம் பாரிக்கிறவர்கள், உடம்பு தடிக்கிறவர்கள் இதைத் தொடவேண்டாம். இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் செய்யவேண்டாம். வலித் தைலம் தடவிய இடத்தின்மேல் ஐஸோ வெந்நீர்ப் பையோ வைக்கவேண்டாம்.

இப்போது மாமியார் கட்சி. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இடுப்பு வலிக்கு வெந்நீர்தான். ஐஸ் என்றால் பெரியவர்கள் பதறுவது இயற்கை. ஆராய்ச்சி என்ன சொல்கிறது? இடுப்பு வலிக்குச் சூடும் குளிரும் எவ்வளவு தூரம் உதவுகின்றன என்று அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் சேர்த்து 2006-ல் ஒரு குழுவினர் சீர்தூக்கிப் பார்த்தார்கள். வலி தொடங்கி மூன்று மாதத்துக்குள் இருப்பவர்களுக்கு, இடுப்பைச் சுற்றிக் கட்டும் சூட்டுப் பட்டை கொஞ்ச நாளைக்குக் கொஞ்சம் குணம் தருகிறது என்று தெரிந்தது. குளிர்ச்சியைப் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்லப் போதுமான சான்று கிடைக்கவில்லை. ஆகவே, அத்தை சொன்ன வெந்நீர் ஒத்தடத்துக்குச் சாட்சி இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன ஐஸுக்குச் சாட்சி குறைவு. இருந்தாலும் ஐஸால் சுகம் காண்கிறவர்கள் அநேகம் பேர். வாயு பிடித்துக்கொள்ளும் என்று பயப்படவேண்டியதில்லை.

பழக்கத்தில் ஒரு சிறு கணக்கு வைத்துக்கொள்ளலாம். புதிதாகச் சுளுக்கி, இடம் வீங்கிச் சூடாகக் கனன்றால், முதல் இரண்டு நாளைக்கு ஐஸ். காலையில் எழும்போது விறைப்பாக, துருப்பிடித்த கீல் மாதிரி இருந்தால் வெந்நீர். பழைய வலி திடீரென்று சீறி எழுந்த நாளில் எது சுகமோ அது. உங்கள் இடுப்பே தீர்ப்புச் சொல்லட்டும்.

அப்படியானால் அந்த மூன்றாவது விஷயம் என்ன?

அதைச் சொல்ல ஒரு டாக்டர் அம்மாளை உங்களுக்கு அறிமுகம் செய்யவேண்டும். அவர் பெயர் ஜேனட் டிராவெல். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் தீராத முதுகு வலிக்கு 1955-லிருந்தே சிகிச்சை செய்தவர். கென்னடி 1961-ல் பதவி ஏற்றதும், ஜனாதிபதியின் சொந்த வைத்தியராக நியமிக்கப்பட்ட முதல் பெண்மணி இவரே. தசை வலிக்கு இவர் கையாண்ட முறைகளில் ஒன்று வேடிக்கையானது. வலிக்கிற தசையின்மேல் சட்டென்று ஆவியாகி மிகவும் குளிரவைக்கும் ஒரு திரவத்தைப் பீச்சுவார். தோல் குளிர்ந்து வலி அடங்கிய அந்தச் சில கணங்களுக்குள், இறுகிய தசையை மெல்ல இழுத்து நீட்டி விடுவார். குளிர்ச்சி அவருக்குச் சிகிச்சையின் முடிவல்ல, தொடக்கம். பூட்டிய கதவைத் திறக்கும் சாவி. கதவு திறந்தபின் உள்ளே போகாமல் சாவியையே கையில் வைத்துக்கொண்டு நின்றால் என்ன பயன்? கென்னடிக்குப் பின்னால் வைத்தியம் பார்த்த ஹான்ஸ் கிராஸ் என்ற டாக்டரும் அவருக்குத் தேகப் பயிற்சியையே முக்கியமாகக் கொடுத்தார்.

சகோதரி, மூன்றாவது விஷயம் இதுதான்: அசைவு. ஐஸ் வாங்கித் தருகிற அந்தக் கொஞ்ச நேரத்தை வீணாக்காமல் உடம்பை அசைக்கவேண்டும்.

"வலிக்கிற இடுப்பை அசைத்தால் இன்னும் கெட்டுப்போகாதா?" என்றுதான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். 1995-ல் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி நகரில் ஒரு சோதனை செய்தார்கள். திடீர் இடுப்பு வலி கண்ட நகர ஊழியர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு. இன்னொன்றுக்கு விசேஷப் பயிற்சி. மூன்றாவது பிரிவிடம், வலி பொறுக்கிற அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பார்க்கும்படி சொன்னார்கள். முதலில் தேறியவர்கள் யார் தெரியுமா? வழக்கமான வேலையைப் பார்த்தவர்கள். படுத்தவர்கள்தான் மிகவும் தாமதம்.

உங்களுக்கு இருப்பதோ பழைய வலி. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலே அதை நாட்பட்ட வலி என்பார்கள். அப்படி நீடிக்கும்போது, உள்ளே புதிதாக ஏதும் கெடாவிட்டாலும், பழகிப்போன நரம்புகள் சின்ன அசைவுக்கும் பெரிதாக அலறும். அலறலுக்குப் பயந்து அசையாமல் இருந்தால் தசை இளைக்கும். இளைத்த தசை இன்னும் சீக்கிரம் வலிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்த நாட்பட்ட இடுப்பு வலிக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய சரியான அறிவு, மசாஜ், மனத்தைத் தேற்றும் சிகிச்சை முதலியவற்றை அது ஆதரிக்கிறது. இடுப்புப் பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகச் செய்யவேண்டாம் என்கிறது.

ஆகவே ஐஸ் பையை எடுத்தபின் இரண்டு நிமிஷம் அப்படியே இருந்துவிட்டு, மெதுவாக மல்லாந்து படுங்கள். ஒரு முழங்காலை மடித்து, இரு கைகளாலும் மார்பை நோக்கி இழுத்து, பத்து எண்ணும் வரை வைத்திருங்கள். பிறகு மறு கால். ஐந்து ஐந்து தடவை. அடுத்து இரு முழங்கால்களையும் மடித்துப் பாதங்களை ஊன்றி, இடுப்பின் குழிவு தரையில் படும்படி அழுத்தி விடுங்கள்; பத்துத் தடவை. பிறகு குழந்தை தவழ்வதுபோல் கையும் காலும் ஊன்றி, பூனை சோம்பல் முறிப்பதுபோல் முதுகை மேலே வளைத்து, கீழே இறக்குங்கள். எல்லாம் நிதானமாக. மரத்துப்போன இடம் எச்சரிக்கை செய்யாது. ஆகவே உடனே தண்ணீர்க் குடத்தைத் தூக்கவோ, முரட்டுத்தனமாக உடம்பை முறுக்கவோ கூடாது. முடிந்ததும் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வாருங்கள். கோயில் நகரத்தில் இருக்கிறீர்கள்; பிரகாரத்துக்கா பஞ்சம்? தினமும் ஒரு பிரதட்சிணம் கூடுதலாக வைத்துக்கொண்டால் புண்ணியத்துக்குப் புண்ணியம்.

தார் சுற்றும்போது அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்கள். ஒரு தார் முடிந்தால், நின்றுகொண்டு இடுப்பில் இரு கைகளையும் ஊன்றி ஐந்து தடவை பின்னால் சாயுங்கள். ஒரு நிமிஷ வேலை; தறி நிற்காது. ராட்டையைத் தாழ்வான பெஞ்சின்மேல் ஏற்றி வைத்து, நீங்கள் சாய்மானமுள்ள நாற்காலியில் உட்கார முடியுமா என்று கணவரிடம் கேட்டுப் பாருங்கள். மோட்டாரில் ஓடும் தார் சுற்றும் இயந்திரங்களும் இப்போது இருக்கின்றன. கூட்டுறவுச் சங்கத்திலோ கைத்தறித் துறை அலுவலகத்திலோ அதற்கு உதவி உண்டா என்று விசாரிப்பதில் கூச்சம் வேண்டாம். அப்படியே கணவரையும் குழியிலிருந்து அடிக்கடி எழுப்பி விடுங்கள். அவருக்கும் ஒரு முதுகு இருக்கிறது. இழையை அதிகம் இழுத்தால் அறும், தளர விட்டால் சிக்கும் என்பது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். உடம்பும் அப்படித்தான். ஓயாமல் இழுத்தாலும் கெடும். ஒரேயடியாகப் போட்டு வைத்தாலும் கெடும்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இரண்டு வருஷ வலியைக் கடிதத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. சில அடையாளங்கள் இருந்தால், ஐஸும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, உட்காருகிற இடத்தைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலமிழந்து இழுபடுவது ஆகியவை ஒரு நாளும் தாமதிக்கக் கூடாதவை. இடுப்பு வலியோடு விடாத ஜுரம், காரணமில்லாத இளைப்பு, இரவில் தூங்கவிடாத வலி இருந்தாலும், முன்பு காசமோ புற்றுநோயோ வந்திருந்தாலும், கீழே விழுந்தபின் வலி தொடங்கியிருந்தாலும் உடனே காட்டவேண்டும். வயதான பெண்மணிகளுக்கு எலும்பு மெலிந்து, சிறு சறுக்கலிலேயே முறிவு ஏற்படுவதுண்டு. "வழக்கமான வலிதானே" என்று இருந்துவிடாதீர்கள்.

உங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்தில், தண்ணீருக்கு அடியில் அத்தி வரதர் நாற்பது வருஷம் சயனித்திருக்கிறார் அல்லவா? 1979-க்குப் பிறகு 2019-ல் வெளியே எழுந்தருளினார். ஜூலை மாதம் சயனக் கோலம். ஆகஸ்டு முதல் தேதி எழுந்து நின்ற கோலத்தில் காட்சி தந்தார். நாற்பது வருஷம் குளிர்ந்த நீரில் படுத்திருந்த பெருமாளே எழுந்து நிற்கிறார். பதினைந்து நிமிஷம் ஐஸ் வைத்துப் படுத்த நாம் எழுந்து நிற்க வேண்டாமா?

ஒருவரிடம் காரியம் ஆகவேண்டுமென்றால் முதலில் ஐஸ் வைப்பது உலக வழக்கம். இடுப்பிடமும் அப்படியே வையுங்கள். அது மனம் இளகியிருக்கும்போதே காரியத்தைச் சாதித்துக்கொள்ளுங்கள். மறுபடி வலித்தால் அத்தையிடம் வெந்நீர் ஒத்தடம் கேளுங்கள். அவருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஒரு மாதம் கழித்து, எத்தனை பிரதட்சிணம் வந்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.